'மாடு' என்று பதிவான தாப்பிர்: தோட்டப் பட்டணம் ஒன்றில் விலங்குக் கடவைக்கு அரசுப் பணம் கேட்ட அனுபவம்

பின்னணி

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தின் நடுப்பகுதியில் உள்ள தோட்டப் பட்டணம் இது. இரண்டு வரிசைக் கடைகள், ஒரு மாரியம்மன் கோயில், ஒரு தமிழ்ப்பள்ளி. நான்கு கிலோமீட்டர் தள்ளி செம்பனை எண்ணெய் ஆலை. ஒரு காலத்தில் சுற்றிலும் ரப்பர்தான். இப்போது பால்மரம் பார்க்க வேண்டுமென்றால் கோயிலுக்குப் பின்னால் இருக்கும் சிறுநிலத்துக்குத்தான் போக வேண்டும். நான் அப்போது குடியிருப்பாளர் சங்கத்தின் செயலாளர். கடிதங்கள், கூட்டக் குறிப்புகள், ரொட்டிக்காரர் எழுதிய நோட்டு எல்லாம் என்னிடம் இருப்பதால் விலங்குகள் சாலையைத் தாண்ட ஒரு வழி, அதாவது கடவை, கேட்டு நாங்கள் அலைந்ததை எழுதும் பொறுப்பு என்மேல் விழுந்தது.

பட்டணத்திலிருந்து ஆலைக்குப் போகும் சாலைக்குக் கிழக்கே நிரந்தரக் காப்புக்காடு, மேற்கே செம்பனை. செம்பனைக்கு அப்பால் ஆறு. காட்டிலிருந்து ஆற்றுக்கு இறங்கும் ஒரு நீரோடை, பள்ளமான ஓர் இடத்தில் சாலைக்கு அடியில் கல்வெர்ட்டு வழியாகப் போகிறது. இரண்டு கண் உள்ள கான்கிரீட் கல்வெர்ட்டு அது. ஒரு கண்ணில் தண்ணீர் ஓடும், மற்றது மழைக்காலம் தவிரக் காய்ந்தே கிடக்கும். அந்தக் காய்ந்த கண் வழியாக மாடு ஓட்டிப் போனதாகத் தோட்டத்துப் பெரியவர்கள் சொல்வார்கள். 2022-இல் நாங்கள் பார்த்தபோது செம்பனை மட்டை, மண், லாரி டயர் எல்லாம் சேர்ந்து முக்கால்வாசி அடைத்திருந்தன.

சாலையின் எண்ணுக்கு முன்னால் 'ஜே' என்ற எழுத்து உண்டு. எழுத்தில்லாமல் வெறும் எண் என்றால் கூட்டரசுச் சாலை, மாநிலத்தின் எழுத்தோடு வந்தால் மாநிலச் சாலை. இந்த வேறுபாடு எங்களுக்குப் புரிய ஒன்றரை வருடம் ஆனது.

அதே சாலையில் சில ஆண்டுகளுக்கு முன் புதுத் தார் போட்டிருந்தார்கள். அதற்கு முன் குண்டும் குழியுமாக இருந்ததால் லாரிகள் ஊர்ந்துதான் போகும். சாலை நன்றான பிறகு வேகம் கூடியது. அடிபட்ட விலங்குகளும் கூடின. ஆனால் அதற்கும் இதற்கும் முடிச்சுப் போட அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

விபத்து, 2022 அக்டோபர்

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு, இரவு வேலைக்கு மோட்டாரில் போன ஆலைத் தொழிலாளி ஒருவர் அந்தப் பள்ளத்தில் விழுந்தார். இடது கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. பின்னால் வந்த லாரி ஓட்டுநர்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். வேலைக்குப் போகும் வழியில் நடந்த விபத்து என்பதால் சொக்சோவுக்கு (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) மனுப் போடலாம், அதற்குப் போலீஸ் ரிப்போர்ட் வேண்டும். ரிப்போர்ட்டில் "லெம்பு (மாடு) குறுக்கே வந்தது" என்று பதிவானது.

அவர் இடித்தது மாட்டை அல்ல, தாப்பிரை. பன்னி மாதிரி உடம்பும் நீள மூக்கும் உள்ள பெரிய காட்டு விலங்கு அது. மலாயில் தெனுக் என்போம். முன்னும் பின்னும் கறுப்பு, நடுவுடம்பில் மட்டும் வெள்ளை. இரவில் லைட் அடித்தால் கறுப்புத் தெரியாது. வெள்ளை மட்டும் ஓரத்தில் யாரோ போட்டுவிட்டுப் போன உரச்சாக்கு மாதிரி தெரியும். அருகே போன பிறகுதான் சாக்கு நகரும். 250 கிலோவுக்கு மேல் எடை உள்ள உடம்பு. மோட்டாரில் போகிறவருக்குச் சுவரில் மோதுவதும் அதுவும் ஒன்றுதான். அடிபட்ட விலங்கு எழுந்து காட்டுக்குள் போய்விட்டதால் விடியும்போது அங்கே ஒன்றும் இல்லை.

ஏன் மாடு என்று சொன்னார் என்று ஆஸ்பத்திரியில் கேட்டேன்.

"தெனுக்குன்னு சொன்னா கேஸு வருமோன்னு பயம் சார். அது காவல் போட்ட பிராணி. மாடுன்னா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

அவர் பயம் ஆதாரமில்லாதது அல்ல. தாப்பிர் 2010 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் முழுப் பாதுகாப்புப் பெற்றது. வேட்டையாடுவதற்கும் தெரியாமல் மோதுவதற்கும் உள்ள வேறுபாட்டை அவருக்கு யாரும் சொல்லவில்லை. சொக்சோ பணம் ஒழுங்காக வந்துவிட்டது. மாடு மட்டும் ரிப்போர்ட்டில் அப்படியே நின்றது. அது எங்களுக்கு என்ன செய்யும் என்று அன்று நினைக்கவில்லை.

ரொட்டிக்காரர் நோட்டு

எங்கள் பட்டணத்துக்கு விடியற்காலை ஐந்தரை மணிக்கு மோட்டாரில் ரொட்டி கொண்டு வருபவர் ஒருவர் உண்டு. ஆலைக் குடியிருப்புக்கும் அவர்தான் போவார். காகமும் நாயும் வருவதற்குள் சாலையைப் பார்ப்பவர் அவர் ஒருவரே. நவம்பரிலிருந்து ஒரு பள்ளி நோட்டில் தேதி, கிலோமீட்டர் கல், என்ன பிராணி என்று எழுதச் சொன்னேன். கூலி இல்லை. நோட்டும் பேனாவும் மட்டும்.

அந்த நோட்டை இன்று பார்த்தாலும் சிரிப்பும் மரியாதையும் சேர்ந்தே வருகிறது. மூசாங் (மரநாய்), பியாவாக் (உடும்பு), மலைப்பாம்பு, பன்னி, 'குரங்கு குட்டியோட', 'பேர் தெரியல வால் மட்டும் இருக்கு'. ஒரு நாள் 'பெரிய பன்னி, மூக்கு நீளம்' என்று எழுதியிருந்தார். நான் போய்ப் பார்த்தேன், அது தாப்பிர். வயிற்றில் குட்டி இருந்தது. தாப்பிர் பதின்மூன்று மாதம் சுமந்து ஒரே ஒரு குட்டி போடும். உலகத்திலேயே வளர்ந்த மலாயா தாப்பிர் 2,500-க்கும் குறைவு என்பது கணிப்பு. அன்று அந்த ஓரத்தில் நின்றபோது இந்தக் கணக்கெல்லாம் எனக்குத் தெரியாது. வனவிலங்குத் துறைக்குப் போன் செய்தேன். மதியத்துக்குள் வந்து அளந்து எழுதி எடுத்துப் போனார்கள்.

ஏழு மாதத்தில் நோட்டில் 41 வரி. அதில் 27 அந்தப் பள்ளத்தைச் சுற்றி முக்கால் கிலோமீட்டருக்குள். உண்மை இதைவிடக் கூடுதலாகவே இருக்கும். சிலது அடிபட்டுக் காட்டுக்குள் போய்ச் சாகும், சிலதைக் கறிக்காக எடுத்துப் போய்விடுவார்கள். ஆகவே இது குறைந்தபட்சக் கணக்கு என்று விண்ணப்பத்திலேயே எழுதினோம்.

2023 மார்ச்சில் ஜொகூரில் பெருவெள்ளம் வந்தது. அடைத்துக் கிடந்த கல்வெர்ட்டில் தண்ணீர் போக வழியில்லாமல் சாலைமேல் ஏறியது. இரண்டு நாள் ஆலைக்கு லாரி போகவில்லை. அந்த வாரம் மட்டும் நோட்டில் ஆறு வரி. விலங்குகள் நீரோடை வழியாக வந்து, கல்வெர்ட்டு அடைத்திருப்பதைக் கண்டு சாலைமேல் ஏறியிருக்க வேண்டும். இது என் ஊகம். ஆனால் கால்தடங்கள் அங்கேதான் இருந்தன.

கூட்டமும் ஒரு கேள்வியும்

2023 ஏப்ரலில் கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டோம். விலங்குகள் சாலையைக் கடக்கப் பாலம் கேட்கலாம் என்று நான் பேசி முடித்ததும் பின்வரிசையில் இருந்து ஓர் அம்மா எழுந்தார். தோட்டத்தில் முப்பது வருடம் பெரட்டுக்கு, அதாவது விடியற்காலை ஆள் கணக்கெடுப்புக்கு, நின்றவர்.

"கோயில் ரோட்டுல லைட்டு இல்லாம பிள்ளைங்க டார்ச் அடிச்சுக்கிட்டு டியூஷன் போகுது. தெனுக்குக்குப் பாலமா தம்பி?"

யாரும் பதில் சொல்லவில்லை. நானும்தான். அந்தக் கேள்வியைத் தவிர்த்துவிட்டு மேலே போயிருந்தால் சங்கம் இரண்டாகியிருக்கும். முதலில் விளக்குக்குத் தனியாக எழுதுவது, அது சட்டமன்ற உறுப்பினரின் ஒதுக்கீட்டில் வந்த பிறகே கடவைக்குக் கேட்பது என்று முடிவானது. நான்கு மாதம் தள்ளிப்போயிற்று. இன்று கேட்டாலும் அந்த நான்கு மாதம் கொடுத்தது சரி என்பேன். பின்னால் மனுவில் முதல் கையெழுத்து அந்த அம்மாவுடையது.

முதல் விண்ணப்பம்: கேட்டது பாலம்

2023 செப்டம்பரில் அனுப்பிய முதல் விண்ணப்பத்தில் பேராவின் கெரிக் பக்கமும் பகாங்கின் சுங்கை யூவிலும் இருப்பது போன்ற உயர்பாலம் கேட்டோம். அங்கே சாலையைத் தூணில் தூக்கிவிட்டு, அடியில் விலங்குகள் போக வழி விட்டிருக்கிறார்கள். படங்களை ஒட்டி, வண்ணத்தில் அச்சடித்து அனுப்பினோம். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

மூன்று மாதம் கழித்து ஓர் அலுவலகத்திலிருந்து ஒன்றரைப் பக்கம் பதில் வந்தது. அந்தப் பாலங்கள் தீபகற்பத்தின் நடுக்காடுகளைத் தொடுக்கும் மத்திய வன முதுகெலும்புத் திட்டத்தில் குறித்த இணைப்பிடங்களில் வந்தவை, உங்கள் இடம் அந்தப் பட்டியலில் இல்லை. இது முதல் காரணம். இரண்டாவது காரணத்தைப் படித்தபோது நான் நாற்காலியில் சாய்ந்துவிட்டேன். அந்தச் சாலையில் ஆள் காயமடைந்த விலங்கு விபத்து ஒன்றே ஒன்றுதான் பதிவில் இருக்கிறது, அதுவும் மாடு. மாடு வளர்ப்பவர்களோடு பேசித் தீர்த்துக்கொள்ளவும்.

கோபப்பட்டுப் பயன் இல்லை. பதில் எழுதியவர் கையில் இருந்த காகிதத்தில் மாடுதான் இருந்தது. ரொட்டிக்காரர் நோட்டைப் பின்னிணைப்பாக வைத்திருந்தோம், ஆனால் அதை எந்தத் துறையும் சரிபார்த்து முத்திரை போடவில்லை. வனவிலங்குத் துறை எடுத்துப்போன சினைத் தாப்பிரின் பதிவு எண்ணைக்கூட நாங்கள் கேட்டு வாங்கியிருக்கவில்லை.

அந்த வாரமே காயம்பட்டவரோடு போலீஸ் நிலையம் போனேன். நடந்ததை அப்படியே சொல்லிக் கூடுதல் ரிப்போர்ட் போட்டார். கை நடுங்கியது. பணியில் இருந்தவர் மலாயில் "இதற்கெல்லாம் கேஸ் இல்லை ஐயா" என்று சொல்லி அனுப்பினார். பதினான்கு மாதப் பயம் பத்து நிமிடத்தில் போயிற்று.

பணம் எந்தப் பையில்

சங்கத் தலைவரின் மகள் பல்கலைக்கழகத்தில் படிக்கிறார். அமெரிக்காவில் 2021 உள்கட்டமைப்புச் சட்டத்தில் விலங்குக் கடவைக்கென்றே ஐந்து வருடத்துக்கு 35 கோடி டாலர் தனியாக ஒதுக்கியிருக்கிறார்கள், மாநிலமும் ஊராட்சியும் போட்டியிட்டு வாங்கலாம் என்று அவர்தான் படித்துச் சொன்னார். அந்தப் பெயரில் ஒரு பெட்டியை இங்கே தேடியதில்தான் எங்களுக்கு அதிக நேரம் வீணானது.

இங்கே பணம் மூன்று பைகளில் பிரிந்து கிடக்கிறது. நிலமும் காடும் அரசியலமைப்பின்படி மாநிலத்துடையவை. வனவிலங்கு, கூட்டரசும் மாநிலமும் சேர்ந்து பார்க்கும் பட்டியலில் இருக்கிறது. சாலை, எண்ணுக்கு முன்னால் உள்ள எழுத்தைப் பொறுத்தது. பல்லுயிர்ப் பாதுகாப்புக்காகக் கூட்டரசு மாநிலங்களுக்குத் தரும் சூழலியல் நிதி 2019-இல் 6 கோடி வெள்ளியில் (ரிங்கிட்) தொடங்கி 2025 வரவு செலவுத் திட்டத்தில் 25 கோடியாகியிருக்கிறது. ஆனால் அது மாநில அரசுக்குப் போகும் பணம், பட்டணத்துச் சங்கம் நேரே கை நீட்ட முடியாது.

மாநிலச் சாலைகளின் பராமரிப்புக்குக் கூட்டரசு ஆண்டுதோறும் தரும் மானியம் வேறு. பதிவேட்டில் ஏறியிருக்கும் சாலைக்கே அது. அதிகாரிகள் 'மாரிஸ்' என்பார்கள். கோயில் நிர்வாகத்துப் பெரியவர் ஒருவர் மாரியம்மனுக்கு மானியம் வருகிறதென்று நினைத்துக்கொண்டு ஒரு வாரம் சந்தோஷமாக இருந்தார்.

2024 ஜனவரியில் பொறியாளர் ஒருவரைச் சந்தித்தோம். மலாய்க்காரப் பெண்மணி, பேச்சில் சுற்றிவளைப்பே இல்லை. படம் போட்ட எங்கள் விண்ணப்பத்தை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்: "பிராணிக்கென்று எழுதினால் போடுவதற்கு என்னிடம் தலைப்பு இல்லை. அடைத்த கல்வெர்ட்டு, வெள்ளத்தில் சாலை மூழ்கியது என்று எழுதுங்கள். அதற்குத் தலைப்பு இருக்கிறது."

இது குறுக்குவழியா என்று சங்கத்தில் ஒருவர் கேட்டார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கல்வெர்ட்டு உண்மையிலேயே அடைத்திருந்தது, சாலை உண்மையிலேயே மூழ்கியது.

முடிவான ஏற்பாடு

கல்வெர்ட்டைத் தூர்வாருவதும் அதன் வாயின் இருபுறமும் உள்ள இறக்கைச் சுவரைச் சரிசெய்வதும் சாலைப் பராமரிப்புப் பணத்தில். காட்டுப் பக்க வேலி சட்டமன்ற உறுப்பினர் ஒதுக்கீட்டில். செம்பனைப் பக்க வேலியைத் தோட்ட நிர்வாகம் ஏற்றுக்கொண்டது. செம்பனைக் குலைத் திருட்டு அவர்களுக்கு நெடுநாள் தலைவலி, எப்படியும் அங்கே வேலி போட வேண்டியிருந்தது. தோட்டத்துக் கிராணிதான் (எழுத்தர்) அதை மேனேஜரிடம் எடுத்துச் சொன்னார்.

வேலி இல்லாமல் கல்வெர்ட்டை மட்டும் திறந்துவிடலாமா என்ற பேச்சும் வந்தது. வேண்டாம் என்றோம். பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்த 2016-ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று, வேலி இருக்கும் இடங்களில் சாலைச் சாவு பாதிக்கு மேல் குறைந்ததையும், வேலியில்லாத வெறும் கடவைகளால் குறைவு எதுவும் தெரியவில்லை என்பதையும் காட்டுகிறது. அதே வருடத்து இன்னொரு கட்டுரை, வேலி 5 கிலோமீட்டருக்குக் குறைந்தால் பலன் குறையும், முனைகளில் விபத்து கூடும் என்கிறது. எங்கள் கையில் இருந்த பணத்துக்குப் பக்கத்துக்கு 400 மீட்டர்தான் வந்தது. தெரிந்தேதான் போட்டோம்.

வேலை 2024 ஆகஸ்டில் தொடங்கியது. பருவமழைக்கு முன் நவம்பர் முதல் வாரத்தில் முடிந்தது.

பிறகு நடந்தது

இரவல் வாங்கிய இரண்டு கேமராக்களைக் கல்வெர்ட்டின் இரு வாயிலும் கட்டினோம். முதல் மாதம் நாய், பியாவாக், நாய், மறுபடி நாய். பிறகு மூசாங், காட்டுப்பூனை, குட்டிகளோடு பன்னி. தாப்பிர் வரவில்லை.

2025 பிப்ரவரியில் ஒரு படம் கிடைத்தது. கிழக்கு வாயில் தாப்பிர் நிற்கிறது, மூக்கை நீட்டி மோந்து பார்க்கிறது. அடுத்த படத்தில் முதுகைக் காட்டித் திரும்பிப் போகிறது. மூன்று இரவு இதே மாதிரி. நான்காம் நாள் மாலை நேரில் போய் நின்றபோதுதான் புரிந்தது. கேமரா திருட்டுப் போகக் கூடாதென்று எங்கள் இளைஞர் பிரிவுப் பையன்கள் கல்வெர்ட்டின் வாயில் ஒரு சோலார் விளக்கு மாட்டியிருந்தார்கள். இருட்டில் நடமாடும் பிராணிக்கு வாசலில் விளக்கு. கழற்றினோம். மார்ச் மாதம் ஒரு தாப்பிர் உள்ளே நுழைந்து மறுபக்கம் வெளியே வந்தது. கால் முறிந்தவர் அந்தப் படத்தைத் தன் கைப்பேசியில் வைத்திருக்கிறார்.

பள்ளத்தில் சாவு குறைந்தது. வேலி போட்ட பிறகு ஏழு மாதத்தில் அந்த முக்கால் கிலோமீட்டரில் நோட்டில் எட்டு வரி. ஆனால் அந்த எட்டில் ஆறு, வேலியின் தென்முனையில், ஆலைச் சந்திப்புக்குப் பக்கத்தில். 2025 ஏப்ரலில் அங்கேதான் ஒரு தாப்பிர்க் குட்டி செத்தது. தர்ப்பூசணிப் பழம் மாதிரி உடம்பெல்லாம் கோடும் புள்ளியுமாக இருந்தது. தாயும் குட்டியும் வேலியோரமாகவே நடந்து வந்து, வேலி முடிந்த இடத்தில் சாலைக்குள் இறங்கியிருக்கின்றன. கட்டுரையில் படித்தது எங்கள் ஊரில் நடந்தது.

அடுத்த மாதம், மே 11 அன்று, கெரிக்–ஜெலி நெடுஞ்சாலையில் லாரி மோதி யானைக்குட்டி இறந்தது. தாய் யானை லாரியில் தலையை முட்டிக்கொண்டு நின்ற படத்தை நாடே பார்த்தது. அன்று அன்னையர் தினம். அதுவரை எங்கள் கடிதத்துக்குப் பதில் போடாத ஓர் அலுவலகம் அந்த வாரம் தானே போன் செய்து நோட்டின் நகலைக் கேட்டது.

குட்டி செத்த பிறகு எடுத்த ஒரு முடிவுக்கு ஒரு வெள்ளியும் செலவாகவில்லை. குலை ஏற்றிவரும் லாரிகளுக்கு நடைக்கு இவ்வளவு என்று கூலி. ஆலையில் எடை போடுவது இரவு பத்து மணிக்கு நிற்கும். கடைசி நடையைப் பிடிக்க ஒன்பதரைக்கு மேல் அத்தனை லாரியும் பறக்கும். ஓட்டுநர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. மேனேஜரிடம் பேசியதில் எடை நேரம் எட்டு மணியோடு முடிகிற மாதிரி மாற்றினார்கள். அதற்குப் பதிலாகக் காலையில் ஒரு மணி நேரம் முன்னதாகத் திறந்தார்கள். தென்முனையில் இரண்டு வேகத்தடையும் வந்தது. ஜூன் முதல் ஆகஸ்ட் முடிய அங்கே ஒரே ஒரு மூசாங் மட்டும். வேகத்தடையாலா, எடை நேரத்தாலா, வறண்ட மாதங்கள் என்பதாலா என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. முதல் இரண்டையும் ஒன்றாகச் செய்துவிட்டோம், அதுவும் வறண்ட மாதங்களில்.

மறுபடி செய்வதானால்

முதல் வேலை போலீஸ் நிலையத்தில். எந்த விலங்கு என்று சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று அன்றைக்கே பார்ப்பேன். அடிபட்டதைத் துறை எடுத்துப் போனால் பதிவு எண் வாங்கி நோட்டில் ஒட்டுவேன். கையால் எழுதிய நோட்டுக்கு மதிப்பு வருவது அந்த எண்ணால்தான்.

பாலம் கேட்டிருக்க மாட்டேன். சாலைக்கு அடியில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று இறங்கிப் பார்த்த பிறகே எழுதியிருப்பேன். வண்ண அச்சுக்குச் செலவழித்த 180 வெள்ளியில் தூர்வாரும் வேலைக்கு முன்பு ஒரு கேமரா வாடகைக்கு எடுத்திருக்கலாம். முன்நிலை தெரியாமல் பின்நிலையை மட்டும் படம் பிடித்துவிட்டோம். இந்த ஆய்வின் பெரிய ஓட்டை இதுதான்.

எடை நேரத்தை முதல் மாதமே பேசியிருக்க வேண்டும். அரசுப் பணம், அரசுப் பணம் என்று இரண்டு வருடம் அலைந்ததில் காசில்லாத வழி கண்ணில் படவில்லை. வேலி முனையை நேராக வெட்டி நிறுத்தாமல் காட்டுப் பக்கம் வளைத்து விட்டிருப்பேன். அதற்கு இருபது மீட்டர் கம்பிவலை போதும்.

இப்போதைய நிலை: தென்முனையில் வேலியை நீட்ட 2025 செப்டம்பரில் விண்ணப்பம் போயிருக்கிறது. மூன்று பக்கம், படம் இரண்டு, துறை முத்திரையிட்ட நோட்டு நகல், திருத்திய போலீஸ் ரிப்போர்ட். தலைப்பு 'சாலைப் பாதுகாப்பு' என்று இருக்கிறது. ரொட்டிக்காரர் ஏழாவது நோட்டில் இருக்கிறார்.